முன் டயர் தேஞ்சா பின்னாடியும் பாருங்க

ஒரகடம் பக்கம் போறவங்களுக்குத் தெரியும், ரோட்டுல பாதி இடம் லாரிக்குத்தான். கார் ஏத்திட்டுப் போற ட்ரெய்லர், கன்டெய்னர், பாரத்பென்ஸ் தொழிற்சாலையில இருந்து வர்ற புது வண்டி. அப்போலோ டயர் தொழிற்சாலையும் அங்கேதான். இதுக்குப் பக்கத்துல மணிமங்கலத்தில் உட்கார்ந்து நான் சாஃப்ட்வேர் எழுதிக்கிட்டிருக்கேன். (நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியோட சண்டை போட்ட அதே மணிமங்கலம்தான். அதுக்குத் தனியா ஒரு எபிசோட் போடணும்.) இன்னைக்கு லாரி வீல் அலைன்மென்ட்.

எங்க மாமா ஒரு ஆறு சக்கர லாரி வச்சிருக்கார். போன வருஷம் முன்னாடி ரெண்டு புது ரேடியல் போட்டார். அஞ்சே மாசத்துல ஓரம் தேஞ்சு போச்சு. முதல்ல டயரைத் திட்டினார். அப்புறம் டிரைவரை. "பிரேக் போட்டே தேய்ச்சுட்டான்"னு சொல்லி பேட்டாவில் பிடிக்க ஆரம்பிச்சுட்டார். அந்த டிரைவர் அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஓனர், வண்டி இடது பக்கம் இழுக்குது." அதுக்கு மாமா, "ரோடு இடது பக்கம் சரிஞ்சுதான்டா இருக்கும், மழைத் தண்ணி ஓட வேணாமா"ன்னார். மாமா சொன்னதும் உண்மைதான். அதனாலதான் யாரும் மேற்கொண்டு யோசிக்கல.

அலைன்மென்ட்ல டயரை அதிகமா தின்னுறது டோ. மேல இருந்து பார்த்தா முன் சக்கரம் ரெண்டும் நேரா பார்க்குதா, மூக்கு உள்ள திரும்பியிருக்கா, வெளிய திரும்பியிருக்கான்னு பார்க்குறது. நம்ம கால் விரல் உள்ள திரும்பின மாதிரி இருந்தா டோ-இன். இதை மில்லிமீட்டர்ல அளக்குறாங்க. "ரெண்டு மில்லிமீட்டர்ல என்ன ஆகப்போகுது"ன்னு நானும் நினைச்சேன். கணக்கு போட்டுப் பார்த்தேன். லாரி டயரோட விட்டம் சுமார் 1 மீட்டர். ஒரு டயர் 2 மி.மீ. திரும்பியிருந்தா, 1 மீட்டர் உருளும்போது 2 மி.மீ. பக்கவாட்டில் இழுபடுது. கிலோமீட்டருக்கு 2 மீட்டர். ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து பெங்களூரு 300 கி.மீ.ன்னு வச்சுக்கோங்க, 600 மீட்டர்! லோடு ஏத்தின டயரை அரை கிலோமீட்டருக்கு மேல ரோட்டுல குறுக்கா தேய்ச்சுக்கிட்டே போறோம். ஒரு டிரிப்புக்கு.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேணாம். வண்டியை நிறுத்திட்டு, பட்டன் மேல குறுக்கா உள்ளங்கையைத் தடவிப் பாருங்க. ஒரு பக்கம் போகும்போது வழவழன்னும், திரும்பும்போது ரம்பப் பல் மாதிரியும் இருக்கும். வெளியில இருந்து உள்ள தடவும்போது வழவழப்பு, உள்ள இருந்து வெளிய தடவும்போது சொரசொரப்புன்னா டோ-இன் அதிகம். தலைகீழா இருந்தா டோ-அவுட். நடுவுல மட்டும் தேஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

மாமா வண்டியில தேய்மானம் வேற மாதிரி இருந்துச்சு. ஒரு டயர்ல வெளி ஓரம், இன்னொண்ணுல உள் ஓரம். டோ மட்டும் தப்புன்னா பொதுவா ரெண்டுலயும் ஒரே மாதிரி தேயும். ஒரு கடையில ரெண்டு தடவை டை ராடைத் திருகி டோ சரி பண்ணிக் கொடுத்தாங்க, காசும் வாங்கிட்டாங்க. இழுக்குறது நிக்கல. எங்க வேலையில, எர்ரர் காட்டுற லைன்ல எப்பவும் பிழை இருக்காது. அதை மாத்தி மாத்தி எழுதுறது வீண்.

சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை நானும் டிரைவர் அண்ணனும் டேப் எடுத்தோம். ஸ்டியரிங்கை நேரா வச்சு, முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்தோம். வலது பக்கம் 12 மி.மீ. அதிகம். அண்ணன் கீழ படுத்துப் பார்த்துட்டு, "யு போல்ட் லூஸு தம்பி, சென்டர் போல்ட் கட்டாயிருக்கு"ன்னார். பட்டையையும் ஹவுசிங்கையும் இடத்துல நிறுத்துற போல்ட் அது. அது போனதால வலது பக்க ஹவுசிங் பின்னாடி நகர்ந்திருக்கு. பின் சக்கரங்கள் லேசா வலது பக்கம் பார்க்குது. பின்பக்கம் வலதுல போனா வண்டியோட மூக்கு இடதுல திரும்பும். அதை நேரா ஓட்ட அவர் நாள் முழுக்க ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடிச்சிருக்கார். தோள் வலின்னு சொன்னதுக்கும் இப்பத்தான் அர்த்தம் புரிஞ்சுது.

அதனால வரிசை முக்கியம். முதல்ல காத்து. அப்புறம் கிங் பின், பேரிங், டை ராடு எண்டுல ஆட்டம் இருக்கான்னு பாருங்க. அடுத்து பின் ஹவுசிங். கடைசியாதான் முன் டோ. ஆட்டத்தை வச்சுக்கிட்டு அலைன்மென்ட் பண்ணினா கடையை விட்டு வெளிய வந்ததுமே அது மாறிடும்.

நஷ்டம் புது டயரோட முடியல. ஓரம் கம்பி தெரியுற அளவுக்குத் தேஞ்சதால, ஒரு டயரை ரீபட்டன் கடையில வாங்க மாட்டேன்னுட்டாங்க. நடுவுல பட்டன் பாதி அப்படியே இருந்துச்சு. பார்க்கவே வயிறு எரிஞ்சுது.

போல்ட் மாத்தி, ஹவுசிங்கை நேர் பண்ணி, அப்புறம் டோ வச்சோம். இழுக்குறது நின்னுடுச்சு. பிடிச்ச பேட்டாவை மாமா தீபாவளி போனஸ்னு பேர் வச்சுத் திருப்பிக் கொடுத்தார். தப்பு என் மேலதான்னு மட்டும் சொல்லல. அண்ணன் வாங்கிக்கிட்டு, "இது போனஸ் இல்ல ஓனர், பேட்டா. போனஸ் தனியா குடுங்க"ன்னார்.