உழைத்து எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

(காட்டாங்குளத்தூரில் ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள், வாலிபர்கள் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

கூலி, போனஸ், ஷிப்டு, பட்டா – இவற்றைப் பற்றித்தான் நாம் இங்கே பேசுவது வழக்கம். இன்று செல்போன் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். 'இது என்ன வேலையற்ற வேலை?' என்று மூத்த தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் மறைமலைநகரில் இரவு ஷிப்டு முடித்து வரும் நம் பிள்ளை, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு படம் எடுக்கிறான், வெட்டுகிறான், ஒட்டுகிறான், குரல் சேர்க்கிறான். பத்து நிமிஷப் படத்துக்கு இரண்டு நாள் பாடு. இதுவும் உழைப்புத்தான். உழைப்பு இருக்கிற இடத்துக்கு அதைக் கவர்ந்து செல்பவனும் வந்து சேருவான்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைப் பாருங்கள். விவசாய வேலை செய்து பிழைத்த ஒரு குடும்பத்தில், தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, 2018-ல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். 2021-ல் அதன் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். தமிழ்ச் சேனல்களில் அதுவே முதல். அந்த ஆண்டே கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சர் நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். மண்வெட்டி பிடித்த கை காமிராவும் பிடிக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் இப்படி மேலே வந்தவர்கள் சிலர். பாடுபட்டும் பலன் காணாதவர்கள் பல்லாயிரம் பேர்.

காரணம் என்ன? கணக்குப் பார்ப்போம். யூடியூப் கம்பெனியை 2006-ல் கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கியது. சேனலுக்கு வருமானம் அனுமதிக்கப்பட்ட பின், நீண்ட படங்களோடு வரும் விளம்பரத்தில் நூறு ரூபாய் கிடைத்தால் 55 ரூபாய் படம் எடுத்தவனுக்கு. 45 ரூபாய் கம்பெனிக்கு. இப்போது ஒருவன் நம் பிள்ளையின் படத்தை இறக்குகிறான். ஓரத்தில் இருக்கும் பெயரை வெட்டுகிறான். இடதை வலதாகத் திருப்புகிறான். தன் சேனலில் போட்டுவிடுகிறான். அங்கே விளம்பரம் ஓடினால் 55 ரூபாய் திருடனுக்குப் போகிறது. கம்பெனியின் 45 ரூபாய்க்கு மட்டும் சேதமில்லை! யார் வீட்டு நெல்லானாலும் தரகனுக்குத் தரகு உண்டு அல்லவா?

திருட்டைத் தானே கண்டுபிடிக்கும் 'கன்டென்ட் ஐடி' என்ற ஏற்பாட்டைக் கம்பெனி 2007-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் பெரிய சினிமா, இசைக் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. சாதாரண ஆள் தானே தேடி, தானே படிவம் எழுத வேண்டும். சர்க்கார் மட்டும் என்ன? தமிழ்நாட்டில் 2004-ல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, சினிமாப் படத்தைத் திருடி விற்பவர்களையும் அதில் சேர்த்தார்கள். விசாரணையின்றி ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம். சினிமா மூலதனத்துக்கு அவ்வளவு பெரிய காவல்! உழைப்பாளியின் செல்போன் படத்துக்கு அந்த வேகம் உண்டா?

ஆயினும் நம் கையில் ஆயுதமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் நமக்கும் உண்டு. படம் எடுத்த உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தே தீர வேண்டும் என்பதில்லை. திருடியவனுக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. திருட்டுப் படத்துக்கு வழிவிடும் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தால், 36 மணி நேரத்துக்குள் அதைத் தடுக்க வேண்டும். தடை 21 நாள் நிற்கும். அதற்குள் கோர்ட்டு உத்தரவு பெற வேண்டும். யூடியூபின் படிவத்திலும் புகார் எழுதலாம். 90 நாளுக்குள் மூன்று முறை பிடிபட்ட சேனலை அது மூடிவிடும்.

அதே கத்தி நம் மேலும் பாயும். 2025 மே மாதம், ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தன் படத்துண்டுகளுக்காகப் புகார் கொடுத்து, அதை விலக்கிக்கொள்ள லட்சக்கணக்கில் பணம் கேட்டது என்று மோஹக் மங்கல் என்ற யூடியூப்காரர் குற்றம் சாட்டினார். தன் உரிமையைத்தான் நிலைநாட்டுவதாக அந்த நிறுவனம் சொல்லிற்று. வழக்கு டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. விமர்சனத்துக்கும் செய்திக்கும் நியாயமான அளவு எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவன் அந்த நியாயத்தைக் கோர்ட்டு வரை கொண்டுபோவது எப்படி?

ஆகவே வாலிபத் தோழர்கள் சில காரியங்களை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். காமிராவில் எடுத்த மூலப் படத்தை அழிக்காதீர்கள், அதுவே சாட்சி. பெயரை ஓரத்தில் போடாமல், வெட்ட முடியாதபடி படத்தின் நடுவில் மங்கலாகப் போடுங்கள். திருட்டைக் கண்டால், தேதியும் முகவரியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் புகார் எழுதுங்கள். எடிட்டிங்குக்குப் பூட்டு உடைத்த சாப்ட்வேரைத் தேடி ஓடாதீர்கள். அதோடு வைரஸும் வரும். 'கேடென்லைவ்', 'ஷாட்கட்' ஆகியவை பலர் கூடி உழைத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கும் கருவிகள். 'டாவின்சி ரிசால்வ்' என்பதிலும் இலவசப் பதிப்பு உண்டு. பிறர் பாட்டைக் கேளாமல் சேர்க்காதீர்கள். நம் பொருளைத் திருடாதே என்று சொல்லும் வாய், பிறர் பொருளைப் பற்றியும் அதையே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு எடிட்டிங் செய்யும் வாலிபர்களே! ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், நீங்கள் செய்த வேலையின் உரிமை முதலாளிக்குத்தான் என்கிறது சட்டம். எழுதிக் கேளுங்கள், தனியாகக் கேட்காமல் சேர்ந்து கேளுங்கள். பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ராயல்டியில் எழுதி வாங்க முடியாத பங்கை 2012 சட்டத் திருத்தத்தில்தான் பெற்றார்கள். பல வருஷம் வாதாடிப் பெற்றது அது.

தோழர்களே! பி.எப். படிவம் எழுத, பட்டா மனு எழுத நம் கிளைகளில் ஆள் இருக்கிறது. இனி கிளைக்கு ஒருவர் இந்தப் புகாரையும் எழுதக் கற்றுக்கொள்ளட்டும். களத்து நெல்லுக்குக் காவல் இருந்த நாம், பிள்ளைகளின் உழைப்புக்கும் காவல் இருப்போம்!