தையல் பிரிச்சா போதுமா?



ஆட்ரி லார்ட், அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர். 1978இல் புற்றுநோய்க்காக அவருடைய வலது மார்பை அகற்றினார்கள். சில நாளிலேயே ஒரு செயற்கை மார்பைக் கொண்டாந்து கொடுத்தாங்க. அதன் நிறமோ வெள்ளைக்காரிக்கானது! பத்து நாள் கழித்து, அதை வைக்காமலேயே தையல் பிரிக்கப் போனார். இப்படி வந்தால் இங்குள்ளவர்கள் மனம் தளரும் என்றார் நர்ஸ். அறுபட்டவர் மனசை யார் கேட்டாங்க?

மறைத்தால் துக்கமும் உள்ளேயே தங்கும், அறுபட்ட பெண்கள் ஒருத்தரையொருத்தர் அடையாளம் காணவும் முடியாது என்று 1980இல் 'த கேன்சர் ஜர்னல்ஸ்' நூலில் எழுதினார். பயம் அவரை விடல. பயத்தோடவே, 1992இல் சாகும்வரை பேசினார்.

தையல் பத்து நாளில் பிரியும். மனசு ஆற வருஷங்கள் ஆகும். அதனால, 'அதான் சரியாயிடுச்சே'ன்னு சொல்லி அவங்க வாயை அடைக்காதீங்க. அஞ்சு வருஷம் கழிச்சும் போய் உட்காருங்க, கேளுங்க.