முயற்சியாண்மை படிக்கப் போகும் பிள்ளைக்கு

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்தசோகையைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆயத்தமாகியிருந்தேன். சில வாரங்களுக்கு முன் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அதை மாற்றிவிட்டது. பேசியவர் நமது பாடசாலையின் வர்த்தகப் பிரிவு ஆசிரியை.

"டொக்டர், ஒரு பிள்ளைக்கு நல்ல பெறுபேறு வந்திருக்கு. பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பணும். முயற்சியாண்மைப் பட்டப்படிப்பை முதலாவதாப் போட ஆசைப்படுறா. அப்பா விட மாட்டேங்கிறார். படிச்சு முடிச்சா என்ன உத்தியோகம்னு கேக்கிறார். நீங்க சொன்னாக் கேப்பார்."

தோட்டத்தில் பிறந்து வைத்தியரானால் இது ஒரு தொல்லை. காய்ச்சலுக்கும் நம்மைக் கேட்பார்கள், கல்யாணத்துக்கும் நம்மைக் கேட்பார்கள். ஆனால் அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை பிழையான பதில் சொன்னவள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எனக்குப் பத்து வயது இளையவள் என் தங்கை. உயர்தரத்தில் வணிகக்கல்வி, கணக்கீடு, பொருளியல் படித்தாள். 2005இல் பதுளையில் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் முயற்சியாண்மையும் முகாமைத்துவமும் என்ற பட்டப்படிப்பு அவளுக்குக் கிடைத்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "விஞ்ஞானம் படிக்க முடியாதவங்களுக்கு வர்த்தகம், வர்த்தகத்திலயும் உருப்படியா ஒண்ணு இல்லாதவங்களுக்கு இதா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அயலவர் விசாரித்தால், "கெம்பஸ் போறா" என்று மட்டும் சொல்வேன். என்ன படிக்கிறாள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் பின்னாலேயே திரிந்தாள். அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து ஒரு மாடும் பார்த்தவர். பால் விற்ற காசில்தான் என் பாடசாலைச் சப்பாத்து, என் மேலதிக வகுப்பு, என் மருத்துவக் கல்லூரியின் முதல் புத்தகம் எல்லாம் வந்தன. அதை எங்கள் வீட்டில் யாரும் வியாபாரம் என்று சொன்னதில்லை. "அம்மா மாடு வச்சிருக்கு" என்போம், அவ்வளவுதான்.

தங்கை கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அம்மா, ஒரு லீற்றர் பால் உங்களுக்கு எவ்வளவுக்கு முடியுது?"

புண்ணாக்கு, மருந்து, கொட்டில் திருத்திய தகரம் என்று எழுதிக்கொண்டே போனாள். பிறகு அம்மா புல் அறுக்கும், சாணி அள்ளும், பால் கறக்கும் மூன்று மணித்தியாலத்தை எழுதி, அதற்குத் தோட்டத்துப் பேர்க் கணக்கில் கூலியும் போட்டாள். கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு லீற்றரிலும் எட்டு ரூபாய் நட்டம்.

அம்மா சிரித்துவிட்டார். "ஏன் புள்ள, என் நேரத்துக்கு யாரு காசு குடுக்கப் போறா?"

இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அத்தனை வருடம் நான் படித்தது இலாபத்தில் அல்ல, அம்மாவின் கணக்கில் எழுதப்படாத மணித்தியாலங்களில் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நான் கேவலமாக நினைத்த படிப்பின் முதல் பாடம் அது.

பிள்ளைகளே, இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று உங்கள் வீட்டில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். கணக்கீடு, சந்தைப்படுத்தல், நிதி, வணிகச் சட்டம் எல்லாம் மற்ற முகாமைத்துவப் பட்டங்களைப் போலவே இருக்கும். அதற்கு மேல் ஒரு பயிற்சி உண்டு. யாருக்கு என்ன குறை என்று தேடிப் போய்க் கேட்பது, அதற்கு ஒரு வழியை யோசிப்பது, சிறிய அளவில் செய்து பார்ப்பது, பிழைத்தால் ஏன் பிழைத்தது என்று எழுதி வைப்பது. வைத்தியம் படித்தவளுக்கு இது புதிதல்ல. நோயாளியிடம் கேட்காமல் மருந்து எழுதினால் நாங்கள் பரீட்சையில் சித்தியடைய மாட்டோம். நோயாளிக்கு என்ன செய்கிறது என்று கேட்கப் பழகுவது போலத்தான் வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்று கேட்கப் பழகுவதும்.

இது நேற்று முளைத்த படிப்பும் அல்ல. ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் புதிய தொழில்களை நடத்துவது பற்றிய பாடம் 1947இலேயே தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னால், 1911இல், ஷும்பீட்டர் என்ற ஆஸ்திரியப் பொருளியலாளர் புத்தாக்கம் என்றால் என்ன என்று வகைப்படுத்தினார். புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருளுக்குப் புதிய இடம், தொழிலை ஒழுங்கு செய்யும் புதிய விதம் என்று ஐந்து. புத்தாக்கம் என்றதும் நாம் இயந்திரத்தை நினைக்கிறோம். அந்த ஐந்தில் எத்தனை இயந்திரம் இல்லாமலே நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம்மைச் சுற்றியுள்ள தேயிலையை எடுத்துக்கொள்வோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பியை இலைநோய் அழித்தபோது இந்த மலைகளைக் காப்பாற்றியது அதுதான். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கினார். அவர் தேயிலையைக் கண்டுபிடித்தவர் அல்ல. பிரித்தானியாவில் ஏற்கெனவே பலசரக்குக் கடைகள் வைத்திருந்தவர். தோட்டத்துக்கும் கடைக்கும் நடுவில் இருந்த கைகளைக் குறைத்து, சிறு பொதிகளில் சாதாரண சனத்துக்கு விற்றார். நூறு ஆண்டுக்குப் பக்கமாக, 1980களில், மெரில் பெர்னாண்டோ அதை மறுபக்கம் திருப்பினார். தேயிலையை மொத்தமாக ஏற்றாமல் இங்கேயே பொதி செய்து, டில்மா என்று தன் இரு பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துப் பெயரிட்டு அனுப்பினார்.

இந்தக் கதை முழுவதிலும் நாம் இருந்தோம். கூடையோடு இருந்தோம். நம் பாட்டிமார் இறாத்தல் கணக்கையும், நம் அம்மாமார் கிலோ கணக்கையும் தராசில் பார்த்தார்கள். எங்கே நிறுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். எங்கே விலை போடுகிறார்கள் என்பது தெரியாது. அந்த அறைக்குள் போவதற்கான படிப்பு என்றுதான் இதை நான் இப்போது பார்க்கிறேன்.

தொழில் நடத்தும் அறிவு பணம் சேர்க்க மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு என் துறையிலிருந்தே ஓர் உதாரணம். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசாங்கச் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்துபோன மனிதர் அவர். ஒரு சத்திரசிகிச்சை முடியும்போதே அடுத்த கட்டிலில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருக்கும்படி வேலையை ஒழுங்குசெய்தார்கள். அந்த ஆயத்தத்தைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்றப்பட்ட பெண்பிள்ளைகள். காசு கொடுப்பவர்களின் வருமானத்தில் காசில்லாதவர்களுக்கும் கண் தெரிந்தது. வெண்படலச் சிகிச்சைக்குக் கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டிலிருந்து வந்து விலை தாங்காமல் இருந்ததால், 1992இல் ஓரோலேப் என்று தாங்களே தொழிற்சாலை வைத்து, மிகக் குறைந்த விலைக்குச் செய்தார்கள். 1993இல் ஹார்வர்ட் அதைத் தன் மாணவர்களுக்குப் பாடமாக எழுதியது. மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. தங்கையின் பாடக்குறிப்பில்தான் வாசித்தேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன்.

தங்கை பட்டம் முடித்த வருடம், பாலை அப்படியே விற்காமல் தயிராக்கி, நுவரெலியா வீதியில் சுற்றுலாப் பயணிகள் நிற்கும் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று திட்டம் போட்டாள். நல்ல திட்டம். அம்மா சீட்டில் எடுத்த இருபத்தையாயிரம் ரூபாயைக் கொடுத்தார். முதல் இரண்டு மாதம் நன்றாகப் போனது. பிறகு மழை பிடித்தது. குளிரில் தயிர் உறையவில்லை. உறைந்த நாட்களில் மண் சரிந்து வீதி அடைபட்டது. பயணிகள் வரவில்லை. கடைக்காரர் சட்டிகளைத் திருப்பி அனுப்பினார். காசு போய்விட்டது.

சீட்டுக் காசு என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அது இன்னும் பத்துப் பெண்களின் காசு. என் சம்பளத்தில் ஒரு வருடமாகக் கட்டினேன். கட்டும்போதெல்லாம் ஏசினேன். "நாலு வருசம் படிச்சு இதுதானா?"

அவள் பதில் சொல்லவில்லை. கொப்பியில் மூன்று வரி எழுதியிருந்தாள். பல வருடம் கழித்துத்தான் எனக்குக் காட்டினாள். மழைக்காலத்தில் செய்து பார்க்காமல் காசு போட்டது பிழை. ஒரே வீதியை நம்பியது பிழை. அம்மாவின் காசைத் தொட்டது பிழை.

மூன்றாவது வரிதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு யாருடைய காசைத் தொட்டிருப்பாள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை முதல் முயற்சியில் தோற்றால் அனுபவம் என்பார்கள். லயத்துப் பிள்ளை தோற்றால் கடன் என்பார்கள். பாடப்புத்தகம் இடரை ஏற்கச் சொல்லும். அந்த இடரை ஏற்க யாருக்கு இடம் இருக்கிறது என்று புத்தகத்தில் இல்லை. சுயதொழில் என்ற பெயரில் வாராவாரம் அறவிடும் நுண்கடன்களை எடுத்து, ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்து, தூக்கமில்லாமல் என்னிடம் தலைவலிக்கு மருந்து கேட்டு வரும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முயற்சி குறைவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

என் தங்கை இன்று அந்த ஆள். சிறுதொழில் செய்பவர்களின் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலை. பெரிய கம்பனி முதலாளி ஆகவில்லை. ஒரு பெண் வந்து கடன் கேட்டால் முதலில் கேட்பாள்: "அக்கா, உங்க நேரத்துக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?" சிலருக்குக் கடன் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவாள். அப்படி அனுப்பியதால் தப்பிய குடும்பங்களும் உண்டு என்று சொல்வாள். அவள் சொல்வதை இப்போது நான் நம்புகிறேன்.

ஆகவே அந்தத் தகப்பனிடம் நான் சொன்னது இதுதான்: "ஐயா, இது உத்தியோகத்துக்கு உத்தரவாதம் தரும் படிப்பு இல்லை. எல்லாரும் தொழில் தொடங்கவும் மாட்டார்கள். ஆனால் எங்கே போனாலும் கணக்குக் கேட்கத் தெரிந்த பிள்ளையாகத் திரும்பி வருவாள். ஒரு வேலை மட்டும் இப்போதே தொடங்க வேண்டும். ஆங்கிலம். பதுளையில் விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான். தமிழில் படித்த பிள்ளை முதல் வருடம் இரட்டைச் சுமை சுமப்பாள். என் தங்கையும் சுமந்தாள்." நுவரெலியா மாவட்டத்துக்கு உள்ள பல்கலைக்கழக ஒதுக்கீட்டைப் பற்றியும் சொன்னேன். அது பிச்சை அல்ல, நூறாண்டுக்கு மேல் தாமதமாக வந்த பாக்கி.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மலரை நீலகிரியிலும் கொழும்பிலும் கனடாவிலும் இருந்து வாசிக்கப்போகும் நம் சகோதரிகளிடமும்தான். நமது சங்கம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. அதைத் தொடர்வோம். அதோடு ஒரு சிறு நிதியும் வைப்போம். நம் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி ஒரு தொழிலைச் சின்ன அளவில் செய்து பார்க்க அதிலிருந்து கொடுப்போம். வென்றால் திருப்பித் தரட்டும். தோற்றால் காசு வர வேண்டாம், கணக்கு வரட்டும். என்ன செய்தாள், எது பிழைத்தது என்று எழுதித் தரட்டும். அந்தக் கொப்பிகளைப் பாடசாலை நூலகத்தில் வைப்போம். அடுத்து வருகிறவள் மழைக்காலத்துத் தயிரைப் பற்றித் தன் அம்மாவின் சீட்டுக் காசில் படிக்க வேண்டியதில்லை.

இதைத் தொடங்க என் பங்கு இருபத்தையாயிரம் ரூபாயைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஏன் அந்தத் தொகை என்று உங்களுக்குத் தெரியும். என் தங்கைக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளை இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தை நிரப்பிவிட்டதாக ஆசிரியை சொன்னார். எதை முதலாவதாகப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. அது அவள் எடுக்க வேண்டிய முடிவு, அவளே எடுத்திருக்கிறாள்.