கல்பாத்தியிலிருந்து மூணாறு வரை

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யாத்திரை என்றால் நம்மவர்களுக்குக் காசி, ராமேசுவரம்தான். நானும் என் அகத்துக்காரியும் சென்ற வருஷம் போனது வேறு மாதிரி. என் கொள்ளுத்தாத்தா மூணாறு பக்கம் ஏதோ ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதினார் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. எந்த எஸ்டேட், எந்த வருஷம் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தேடித்தான் காரில் கிளம்பினோம்.

கிளம்புமுன் கல்பாத்தியில் விசுவநாத ஸ்வாமி தரிசனம். எத்தனையோ தேர் பார்த்தவன் நான். கொடிமரத்தருகே உள்ள கல்வெட்டை அன்றுதான் நின்று பார்த்தேன். கோயில் எழுந்தது கொல்லம் 600, அதாவது 1425. சேகரிபுரத்து லட்சுமி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து, 1,320 பொற்காசுகளைப் பாலக்காட்டு ராஜா இட்டிக்கோம்பி அச்சனிடம் ஒப்படைத்துக் கோயில் கட்டச் சொன்னாள் என்பது பரம்பரையாக வரும் செய்தி. காசிக்குப் போனவர் திரும்பி வருவதே மறுபிறவி என்றிருந்த காலம் அது!

பாலக்காட்டிலிருந்து மூணாறுக்கு இந்த வழியில் சுமார் 160 கிலோமீட்டர். இரண்டும் கேரளம்தான், ஆனால் நடுவில் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழ்நாட்டைக் கடந்து, சின்னாறில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். கட்டுச்சாதத்தை உடுமலை தாண்டிப் பிரித்தோம்.

மலையேறினால் மறையூர். பாறை மேல் கற்பலகைகளை நிறுத்தி மூடிய கல்லறைகள் இருக்கின்றன. முனியறை என்கிறார்கள். பெருங்கற்காலத்தவை. காந்தல்லூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி, மறையூர் என்ற ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், இன்றும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். நம் கதையும் அதுதானே என்றாள் என் மனைவி.

அந்த அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரின் பெயர்தான் கண்ணன் தேவன் என்பார்கள். டீ பாக்கெட்டில் எல்லோரும் பார்த்த பெயர். (காப்பி குடிக்கும் நமக்குக்கூடத் தெரியும்.) 1877 ஜூலை 11 அன்று ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு ராஜாவிடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். ஆண்டுக்கு 3,000 ரூபாய்! 1880ல் பார்வதி என்ற இடத்தில் ஷார்ப் என்பவர் முதலில் தேயிலை பயிரிட்டார். 1902ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம், 1908ல் சிறிய ரயில், டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடம். 1924 ஜூலை வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் பிற்பாடு தேயிலைக் கம்பெனியின் ஆபீஸானது.

தேயிலை மியூசியத்தில் படங்களும் யந்திரங்களும் நிறைய. என் கொள்ளுத்தாத்தா எங்கும் இல்லை.

மறுநாள் காலை கிறிஸ்து சர்ச்சுக்குப் பின்னால் மேடேறினோம். அங்கே ஒரு கல்லறை. தோட்டத்துரை ஹென்றி நைட்டின் மனைவி எலினார், புதுமணப்பெண்ணாக வந்தவள், 1894 டிசம்பரில் காலராவில் இறந்தாள். தான் இறந்தால் இந்த மேட்டிலேயே அடக்கம் செய்யவேண்டும் என்று கணவரிடம் விளையாட்டாகச் சொல்லியிருந்தாளாம். சர்ச் கட்ட ஆரம்பித்ததோ 1910ல்தான். முதலில் மயானம், பிறகு கோயில்.

திருநெல்வேலியிலிருந்தும் மதுரை ஜில்லாவிலிருந்தும் கங்காணிகள் கூட்டிவந்து, இந்தக் காடுகளை வெட்டிச் செடி நட்டவர்களிலும் காய்ச்சலில் போனவர்கள் உண்டு. அவர்களுக்குக் கல் எங்கே என்று பார்த்தேன். கண்ணில் படவில்லை.

"உங்கள் கொள்ளுப்பாட்டியும் கூட வந்தாளா?" என்று கேட்டாள் மனைவி.

எனக்குப் பதில் தெரியவில்லை. அது போகட்டும், அவள் பெயரே எனக்குத் தெரியாது. கோத்திரம் தெரியும், சூத்திரம் தெரியும், தினம் அபிவாதயே சொல்கிறேன். லட்சுமி அம்மாள் பெயர் ஆறு நூற்றாண்டாக நிற்கிறது. என் கொள்ளுப்பாட்டி பெயர் மூன்று தலைமுறையில் போய்விட்டது.

அங்கிருந்தே என் அத்தைக்குப் போன் செய்தேன். எண்பத்தாறு வயது, காது சற்று மந்தம். இரண்டு தரம் கத்திக் கேட்டபின் சொன்னாள்: "அம்மாளுன்னு கூப்பிடுவா. சொந்தப் பேர் வேற என்னமோ. மலையில ரொம்பக் குளிர், உப்புமாங்காய் ஊறவே மாட்டேங்கறதுன்னு சொல்லிண்டிருப்பாளாம்."

ஆக, அவள் மலைக்குப் போயிருக்கிறாள். அம்மாளு, உப்புமாங்காய் இரண்டையும் காரில் இருந்த பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் எழுதிக்கொண்டேன். சொந்தப் பெயர் தெரிந்த பந்துக்கள் இந்தக் கூட்டத்திலோ, வேறு ஊர்க் கிளைகளிலோ இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.