உப்பும் அளமும்

(மரக்காணத்தில் ஆற்றிய பொழிவு)



சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இம் மரக்காணமே என்பது ஆராய்ந்தோர் பலர் கொள்கை. உப்பு வண்டியோட்டிய உமணரையும் அந்நூல் காட்டுகின்றது. ஆதலின், உப்பின் சொல்வரலாற்றை இம்மண்ணில் நின்று பேசுவது பொருத்தமே.

உவர், உப்பு என்பன ஒருவேரின. உவர்நிலம், உவர்நீர், கடலைக் குறிக்கும் உவரி, சுவையைக் குறிக்கும் உவர்ப்பு யாவும் ஒரு குடிப் பிறப்பே. உவர் வினையாகவும் நிற்கும்: உவர்த்தது, உவர்க்கின்றது, உவர்க்கும். தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகிய உடன்பிறப்பு மொழிகளும் உப்பு என்றே வழங்குகின்றன. இலவணம் என்னும் வடசொல் ஏட்டில் ஏறிற்று. நம் அடுக்களையில் ஏறவில்லை.

இனி இலக்கணம். உப்பு, வன்றொடர்க் குற்றியலுகரம். உயிர் வரின் உகரம் கெடும்: உப்பை, உப்பால், உப்பின், உப்பளம். வல்லினம் வரின் மிகும்: உப்புக்கல், உப்புத்தண்ணீர். அம் சாரியை பெற்று உப்பங்கழி, உப்பங்காற்று எனவும் வரும்.

அளமோ மகர ஈறு. வேற்றுமை ஏற்கையில் அத்துச் சாரியை பெறும்: அளத்தை, அளத்தால், அளத்தில். அது உப்பையும் உப்பு விளையும் நிலத்தையும் குறிக்கும். அளக்கர் கடல், அளவர் உப்பு விளைப்போர். பாத்தியில் நீர் பாய்ச்சி வெயிலில் உழைக்கும் உங்கள் வாயில் இச்சொல் இன்றும் வாழ்கின்றது.

சம்பளம் என்பதை வடசொல் என்பாருளர். சம்பு என்னும் நெல்லும் அளம் என்னும் உப்பும் கூலியாகத் தரப்பட்டமையால் அமைந்த தமிழ்ச்சொல் அது என்பார் பாவாணர். இலத்தீனத்திலும் உப்பின் பெயராகிய சால் என்பதினின்றே சாலாரியம் என்னும் ஊதியச்சொல் பிறந்தது. ஆங்கிலச் சாலரி அதன் வழியது.

அன்பர்களே! ஊதியத்திற்கே பெயர் தந்த உப்பை விளைப்போர்க்கு, மழை வந்தால் வேலையில்லை, வேலையின்றேல் கூலியில்லை. அவர் விளைத்த உப்பையோ, உணவகத்தில் அமர்ந்து 'சால்ட்' என்று கேட்கின்றோம். உழைப்பையும் மறந்தோம்; சொல்லையும் மறந்தோம். இரண்டும் ஒரே மறதியே.

நோய்க்குச் சுண்ணமும் நெய்யும் தேடும் முன் உணவுக்கு உப்பிடுகின்றோம். அங்ஙனமே, பெரிய ஆக்கச் சொற்களைத் தேடும் முன் கைவசமுள்ள சொல்லைக் காப்போம். கடைப்பலகையில் உப்பு என்றெழுதுங்கள். பிள்ளைகளை உப்பு என்றே கேட்கப் பழக்குங்கள். அதை விளைப்போர்க்கு உரிய சம்பளம் கிடைக்கக் குரல் கொடுங்கள். உப்பிட்டவரை மறவாதவன் தமிழன். உப்பு என்னும் சொல்லையும் அவன் மறத்தலாகாது.

வாழ்க தமிழ்! வெல்க பாட்டாளி!