ஓடும்போதே பார்க்க வேண்டும்
(நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



படகு இன்ஜினைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் செயலாளர் சிரித்துவிட்டார். மலையும் கோட்டையும் உள்ள செஞ்சிக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? மரக்காணம் கடற்கரை இங்கிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வங்கியில் எழுத்தராக இருந்தபோது சில வருடம் கடலோரக் கிளை ஒன்றில் வேலை பார்த்தேன். ஃபைபர் படகுக்கும், அதன் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினுக்கும் கடன் வாங்கியவர்கள் நிறைய பேர். அதில் ஒரு மீனவர் எப்போதும் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருப்பார். "சார், நீங்க பாஸ்புக்குல என்ட்ரி போடறீங்க. நான் இன்ஜினுக்குப் போடறேன்" என்பார்.

காரணம் இருந்தது. ஒருமுறை நடுக்கடலில் இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. நாலு பேர் ஒரு ராத்திரி முழுக்க அலையில் கிடந்தார்கள். கரைக்கு வந்து பிரித்துப் பார்த்தால், தண்ணீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்து இதழ் உடைந்திருந்தது. இன்ஜின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லாத காசு.

அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் எளிய வேலைதான். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இன்ஜினை இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுவார். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்ட மாட்டார். ஓட்டினால் இம்பெல்லர் கருகும். ஓடும்போது பக்கத்துத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்ப்பார். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். புரொப்பல்லர் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றினாலும் சீல் அறுபடும். அதனால் அதையும் கழற்றிப் பார்ப்பார். பிளக், ஃபில்டர், துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி என எல்லாவற்றுக்கும் தேதி அந்த நோட்டில் இருக்கும்.

இவ்வளவும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். பி.காம். படித்தவன், தேய்மானம் என்றால் என்னவென்று தெரியும். அப்படியும் 2024-இல் உங்கள் பொருளாளராக இருந்தபோது ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தை "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டேன். கணக்கில் மிச்சம் காட்டினேன். நீங்களும் கை தட்டினீர்கள்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. புதுச்சேரித் தெருக்களில் ராணுவம் படகில் போய் மக்களை மீட்டது. இங்கே மின்சாரம் போனது. ஜெனரேட்டரைத் தட்டினோம், பேட்டரி செத்திருந்தது. மூன்றாம் மாடியில் ஆக்சிஜன் கருவியோடு இருந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் இருட்டில் படியிறக்கினோம். கடவுள் புண்ணியத்தில் அவர் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, அந்த ராத்திரிக்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

படகு இன்ஜினும் நம் ஜெனரேட்டரும் ஒரே சாதி. சும்மா கிடந்தால் கெடும், அவசரத்தில்தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே மூன்று கோரிக்கை.

ஒன்று, வாரம் ஒருநாள் ஜெனரேட்டரைப் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். மாதம் ஒருமுறை லிஃப்டையும் தண்ணீர் மோட்டாரையும் அதில் போட்டு, சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டு, பேட்டரி, ஆயில், கூலன்ட், டீசல் நான்கையும் பார்த்து, அங்கேயே ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையது.

மூன்று, பராமரிப்புப் பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். எந்தப் பொருளாளரும் அதில் கைவைத்து மிச்சம் காட்டக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரில் வந்துவிடும். நாம் அதற்கு முன்னால் தயாராக இருப்போம்.