கீரையும் வாழையும் பனையும்

இருவரும் தொழில் புரியும் இளந்தம்பதியர், என் பழைய மாணாக்கர், மாதந்தோறும் மிஞ்சும் பணத்தை எங்கே இடலாமென வினவினர். “எப்பொழுது வேண்டுமென்பதை முதலில் முடிவு செய்யுங்கள்” என்றேன்.

நம் குடாநாட்டிற் கீரை ஒரு மாதத்திற் பயன் தரும், வாழை ஓராண்டில், பனையோ பல்லாண்டு கழித்தே.

நோய்க்கும் வேலையிழப்புக்கும் ஆறு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், அது கீரை. வீடு கட்ட நிலையான வைப்பு, அது வாழை. தனியார் துறையில் ஊழியர் நூற்றுக்கு 8, தொழில் தருநர் 12 இடும் சேமலாப நிதி, முதுமைக்கென 1958இன் சட்டம் நட்ட பனை, இடையிலே தறித்தலாகாது.

2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டில் நூற்றுக்கு 69.8 ஏறிற்று; வைப்பு வட்டி அதனை எட்டவில்லை. ஆதலின் பிள்ளையின் கல்விப் பணத்தில் ஒரு கூறு பொன்னாகவும் இருக்கட்டும். எல்லா விதையையும் ஒரே பாத்தியில் இடாதீர்கள்.